நிறுத்தினா நிக்கும்

அம்பர் சர்க்கா என்பது இந்திப் பெயர் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தியில் அம்பர் என்றால் வானம். வார்தாவிலோ சபர்மதியிலோ ஓர் ஆசிரமவாசி ராட்டைக்கு ஆசையாக வைத்த பெயராக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் என்னோடு வேலை பார்க்கும் நண்பன் ஒரு படி மேலே போய், "அம்பத்தூர்ல செஞ்சதால அம்பரா?" என்று கேட்டான். சிரித்தேன். ஆனால் என் ஊகத்தைவிட அவன் ஊகம்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. பெயர் தமிழ்நாட்டிலிருந்துதான் வடக்கே போயிருக்கிறது. 1949இல் அந்த ராட்டையை வடிவமைத்தவர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த ஏகாம்பரநாதன். அவர் பெயரின் நடுவிலிருந்து எடுத்த துண்டுதான் 'அம்பர்'. தமிழில் அம்பரம் என்றால் வானம், ஆடை இரண்டும் உண்டு என்பது கூடுதல் அதிர்ஷ்டம்.

இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். விருதுநகர் பக்கத்துக் கிராமம் அவருக்கு. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக ஏழெட்டு வருஷம் ஊர் நூற்பு நிலையத்தில் அம்பர் சுற்றியவர். பெயர்க் கதை அவரை அசைக்கவில்லை. "யாரு செஞ்சா என்னடா, கை கழண்டு போகும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "ஆனா ஒண்ணு. நான் நிறுத்தினா நிக்கும். உங்க அக்கா போனாளே மில்லு, அது நிக்குமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நூற்பு இயந்திரங்களின் கதைக்குள் போனேன். நான் படித்த பொறியியல் புத்தகங்களில் ஓர் இயந்திரம் எவ்வளவு வேகம், எவ்வளவு உற்பத்தி, எவ்வளவு மின்சாரம் என்று இருக்கும். யார் நிறுத்தினால் நிற்கும் என்று ஒரு அட்டவணையும் இருக்காது.

*

நூற்பது என்பது மூன்று வேலை. பஞ்சை இழுத்து மெலிதாக்க வேண்டும். மெலிந்ததை முறுக்க வேண்டும். முறுக்கு ஏறவில்லை என்றால் பஞ்சு பஞ்சாகவே பிரிந்துவிடும். முறுக்கிய இழையைச் சுற்றி வைக்க வேண்டும். உலகத்தில் இதுவரை வந்த எல்லா நூற்பு இயந்திரமும் இந்த மூன்றையும் வெவ்வேறு விதமாகச் செய்வதுதான்.

தக்ளியிலும் பழைய ராட்டையிலும் ஒரு கை சுற்றும், இன்னொரு கை இழுக்கும். கஷ்டமான வேலை இழுப்பதுதான். விரலிடுக்கில் பஞ்சு தடிக்கிறதா, மெலிகிறதா, அறுந்துவிடுமா என்று தொடு உணர்ச்சியே ஒவ்வொரு நொடியும் முடிவெடுக்கிறது. அந்த விரல்கள் பெரும்பாலும் பெண்களுடையவை. கணவன் இல்லாத பெண்கள் நூல் நூற்றுப் பிழைத்ததைச் சங்கப் பாடல்களே சொல்கின்றன. வேறு வழியில்லாதவளுக்குக் கையில் இருந்த வேலை அது. கூலி என்றைக்கும் பெரிதாக இருந்ததில்லை.

இங்கிலாந்தில் 1760களில் ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் ஒரே சக்கரத்தில் பல கதிர்களை ஓட்டும் ஜென்னியைச் செய்தார். அதையும் கையால்தான் சுற்றினார்கள். 1769இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் காப்புரிமை வாங்கிய இயந்திரம் வேறு மாதிரி. விரலுக்குப் பதில் உருளைகள். இரண்டு உருளைகள் பஞ்சை மெதுவாக உள்ளே விடும். அதற்கு முன்னால் இருக்கும் இரண்டு உருளைகள் அதைவிட வேகமாகச் சுழன்று வெளியே இழுக்கும். முன் உருளை 8 மடங்கு வேகமாகச் சுற்றினால் பஞ்சு 8 மடங்கு மெலியும். அவ்வளவுதான். தொடு உணர்ச்சி ஒரு பல்சக்கர விகிதமாகிவிட்டது.

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். கைப்பழக்கமாக இருந்த ஒன்று எண்ணாக மாறுகிற தருணம் அது. எங்கள் தொழிலே அதுதான்.

ஆனால் ஆர்க்ரைட் இன்னொன்றும் செய்தார். 1771இல் க்ராம்ஃபோர்டில் தண்ணீர் விசையால் ஓடும் ஆலையைக் கட்டினார். தண்ணீருக்குத் தூக்கம் கிடையாது. ஆலை இரவும் பகலும் ஓடியது, ஆட்கள் ஷிப்ட் மாறினார்கள். அதுவரை நூற்கிறவள் எழுந்தால் சக்கரம் நிற்கும். அதற்குப் பிறகு சக்கரம் ஓடுகிறது என்பதால் அவள் எழக்கூடாது.

1828இல் அமெரிக்காவில் ஜான் தார்ப் வளையக் கதிரைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் நம் மில்களில் 'ரிங் ஃபிரேம்' என்று ஓடுவது அதன் வாரிசு. கதிரைச் சுற்றி ஒரு வளையம், வளையத்தின் மேல் நகத்துண்டு அளவுக்கு ஒரு சின்ன உலோகக் கொக்கி. அதன் பெயர் டிராவலர். கதிர் சுழலும்போது இழை கொக்கியை இழுத்துக்கொண்டு ஓடும். ஒவ்வொரு சுற்றும் இழையில் ஒரு முறுக்கு. கொக்கி கதிரைவிடக் கொஞ்சம் பின்தங்கும். அந்தப் பின்தங்கலில்தான் இழை கதிரில் சுற்றிக்கொள்கிறது. முறுக்குவதும் சுற்றுவதும் ஒரே நேரத்தில் நடந்துவிடுகிறது. நிற்க வேண்டிய கடைசிக் காரணமும் இயந்திரத்திலிருந்து போய்விட்டது.

*

சென்னை நெசவால் வளர்ந்த ஊர். 1734இல் நெசவாளர்களைக் குடியேற்றி உருவாக்கிய பேட்டை சின்னத் தறிப் பேட்டை, இன்று சிந்தாதிரிப்பேட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து மில் நூல் வந்து இறங்கியபோது தறி தப்பித்தது. நெசவாளி மலிவான அந்த நூலையே வாங்கி நெய்துகொண்டார். செத்துப்போனது ராட்டை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நூற்றுக்கொண்டிருந்த பெண்கள் எத்தனை பேர், அதன் பிறகு என்ன செய்தார்கள் என்று கணக்கெடுத்தவர் யாரும் இல்லை. தறிக்குப் பேட்டையும் பெயரும் மிஞ்சியது. ராட்டைக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை.

பிறகு மில்களே இங்கே வந்தன. ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் அம்பத்தூர், வில்லிவாக்கம் தாண்டி பெரம்பூர் வரும். அந்தப் பக்கத்தில்தான் 1876இல் பக்கிங்ஹாம் மில் தொடங்கியது. சில ஆண்டுகளில் கர்நாட்டிக் மில்லும் வந்து, பின்னால் இரண்டும் சேர்ந்து பி அண்ட் சி ஆனது. பின்னி குழுமம். பட்டாளத்துக்கும் போலீசுக்கும் காக்கி நெய்து பேர் வாங்கிய மில்.

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்த மில் வாசலில்தான் பிறந்தது. தேதி 1918 ஏப்ரல் 27. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முன்முயற்சி எடுக்க, பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணை. அவர்கள் முதலில் கேட்டவற்றில் ஒன்று என்ன தெரியுமா? சாப்பாட்டு இடைவேளை. அரை மணி நேரத்தில் கைகழுவி, சாப்பிட்டு, திரும்பி வர முடியவில்லை, கொஞ்சம் நீட்டிக் கொடுங்கள் என்று. இயந்திரத்தைக் கூடுதலாகச் சில நிமிஷம் நிறுத்தச் சொல்லிக் கேட்க ஒரு சங்கம் தேவைப்பட்டிருக்கிறது. 1921 வேலைநிறுத்தம் பல மாதம் இழுத்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது, புளியந்தோப்பில் சாதிக் கலவரமாகவும் திரும்பித் தொழிலாளர்களையே இரண்டாக உடைத்தது.

பள்ளியில் வேலைநிறுத்தம் என்ற வார்த்தையைக் கூலி உயர்வோடு சேர்த்தே படித்தோம். வார்த்தைக்குள்ளேயே 'நிறுத்தம்' இருப்பதை நான் கவனித்தது பெரியம்மா சொன்ன பிறகுதான்.

*

காந்தி ராட்டையைத் தூக்கிப் பிடித்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை மேம்படுத்த அவர் பரிசு அறிவித்தது அவ்வளவாகத் தெரியாது. 1929இல் அகில இந்திய நூற்போர் சங்கம் ஒரு போட்டி வைத்தது. பரிசு 1 லட்சம் ரூபாய். அந்தக் காலத்து 1 லட்சம். நிபந்தனைகளைப் படித்தால் இன்றைய பொறியாளர் யாரும் அசந்துபோவார். கையாலோ காலாலோ இயங்க வேண்டும். குடிசைக்குள் வைக்க முடிய வேண்டும். ஒரு பெண் பெரிய சிரமமில்லாமல் 8 மணி நேரம் ஓட்ட முடிய வேண்டும். 12 முதல் 20 கவுண்ட் நூல் வர வேண்டும். விலை 150 ரூபாயைத் தாண்டக்கூடாது. 20 வருஷம் உழைக்க வேண்டும். (கவுண்ட் என்பது நூலின் மென்மைக்கான அளவு. 840 கெஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் 20 சிட்டம் தேறினால் அது 20ஆம் கவுண்ட்.)

பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை. காந்தி இறந்த அடுத்த வருஷம், 1949இல், ஏகாம்பரநாதனின் ராட்டை வந்தது.

அவர் செய்ததைத் தொழில்நுட்பமாகப் பார்த்தால் துணிச்சலான காரியம். பழைய ராட்டையை அவர் சீர்திருத்தவில்லை. எந்த மில் ராட்டையைக் கொன்றதோ அந்த மில்லின் இயந்திரத்தையே எடுத்தார். ஆர்க்ரைட்டின் உருளைகள், வளையம், டிராவலர் கொக்கி, எல்லாம் அப்படியே. நூற்றுக்கணக்கான கதிர்களை இரண்டு, நான்கு என்று குறைத்தார். என்ஜினைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு கைப்பிடியை வைத்தார். அம்பர் சர்க்கா என்பது வீட்டுக்குள் நுழையுமளவுக்குச் சுருக்கிய ரிங் ஃபிரேம்.

அவருடைய மாவட்டத்துக்கு இந்த இயந்திரம் புதிதல்ல. பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரை வைத்து ஹார்வி மில் 1880களிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. அதே இயந்திரத்தை ஆற்றிலிருந்து பிரித்து ஒருத்தி கையில் கொடுக்கலாம் என்று யோசித்ததுதான் புதிது.

*

இப்போது ஆவடிக்கு வர வேண்டும். நான் தினமும் ரயில் ஏறும் ஊர். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு இங்கேதான் நடந்தது. மாநாட்டுத் திடலுக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயர். தலைவர் யு.என். தேபர்; அப்போது முதலமைச்சர் காமராஜர். 'சோஷலிச மாதிரியான சமுதாயம்' என்ற தீர்மானம் நிறைவேறியது இங்கே. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக வந்துபோகும் அந்தத் தீர்மானத்தின் பின்னால் நிஜமான ஒரு சிக்கல் இருந்தது. இரும்பு ஆலைக்கும் கனரக இயந்திரத்துக்கும் பணத்தைக் கொட்டப் போகிறோம். அவை ஆயிரம் கோடியை விழுங்கும், ஆனால் கொஞ்சம் பேருக்குத்தான் வேலை கொடுக்கும். மிச்சக் கோடிக்கணக்கான பேருக்கு என்ன வேலை? அவர்கள் உடுத்தத் துணி எங்கிருந்து வரும்?

அந்த ஆண்டு ஜூனில் டி.ஜி. கார்வே தலைமையில் கிராமத் தொழில், சிறு தொழில் பற்றி ஒரு குழு அமைந்தது. அக்டோபரில் அறிக்கை வந்தது. அதன் யோசனை சுருக்கமாக: மில்கள் இப்போது இருக்கும் அளவிலேயே இருக்கட்டும், இனிமேல் கூடுதலாக வேண்டிய துணியில் பெரும்பகுதியைக் கைத்தறி நெய்யட்டும், அதற்கு நூல்? முடிந்தவரை அம்பர் நூற்கட்டும். ஏகாம்பரநாதனின் ராட்டை திடீரென்று இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் ஒரு தூணாகிவிட்டது. பிலாய், ரூர்கேலா, துர்காபூர் உலைகளுக்கு ஈடாக மறு தட்டில் கிராமத்து வீட்டில் நான்கு கதிர்.

அதே அக்டோபர் 2ஆம் தேதி, காந்தி ஜெயந்தியன்று, பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். ஆவடித் தீர்மானம், ஐ.சி.எஃப்., பி அண்ட் சி மில் மூன்றும் ஒரே ரயில் பாதையில் கொஞ்ச தூரத்துக்குள் இருக்கின்றன. அந்தப் பத்தாண்டின் குழப்பம் முழுக்க என் சீசன் டிக்கெட்டுக்குள் அடங்கிவிடும்.

*

அம்பர் தோற்றது. ஏன் என்பதற்கு அன்றைக்கே கணக்கு போட்டுவிட்டார்கள். மில் நூலைவிட அம்பர் நூல் அடக்கவிலை அதிகம். மானியம் இல்லாமல் விற்காது. அமர்த்தியா சென் 1960இல் வெளியான தன் 'சாய்ஸ் ஆஃப் டெக்னிக்ஸ்' நூலில் அம்பரை எடுத்து அலசினார். உபரியைத் தராத, விலைவாசியை ஏற்றக்கூடிய தொழில்நுட்பம் என்ற பக்கம்தான் அவர் கணக்கு சாய்ந்தது. அந்தக் கணக்கில் எனக்குத் தகராறு இல்லை.

என் கண்ணுக்கு இன்னொரு காரணமும் படுகிறது. மென்பொருளில் ஒரு சர்வரில் நன்றாக ஓடும் நிரலை அப்படியே தூக்கி இன்னொரு இடத்தில் வைத்தால் ஓடாது. அது சத்தமில்லாமல் சார்ந்திருந்த நூறு விஷயம் அங்கே இருக்காது. உருளைக்கு விரல் மாதிரி உணர்ச்சி கிடையாது. உள்ளே போகும் பஞ்சு சீராக, இழைகள் ஒரே திசையில் படிந்து, தூசி இல்லாமல் இருந்தால்தான் வெளியே வரும் நூல் சீராக இருக்கும். மில்லில் அதற்குத் தனித்தனிக் கூடங்கள் உண்டு. அம்பர் வாங்கினவளுக்கோ பஞ்சைப் பதப்படுத்த ஒரு கருவி, அதை நீட்டிச் சீராக்க ஒரு கருவி, பிறகு ராட்டை என்று ஒரு செட்டாகவே கொடுக்க வேண்டியிருந்தது. பழைய ராட்டை கெட்டால் ஊர் ஆசாரி பார்த்துவிடுவார். அம்பரில் உருளை தேய்ந்தால், கொக்கி தெறித்தால், உதிரிபாகம் டவுனிலிருந்து வர வேண்டும்.

பின்னாளில் கதர் ஆணையமே கேரளத்தின் குட்டூர், கர்நாடகத்தின் சித்ரதுர்கா போன்ற இடங்களில் ஆலைகள் வைத்து, இயந்திரத்தில் தயாரித்த பஞ்சுத் திரியை நூற்பவர்களுக்கு அனுப்பத் தொடங்கியது. பஞ்சு ஆலையில் மெலிந்து, வீட்டில் முறுக்கேறி, கதராகிறது. சட்டப்படி கதர் என்றால் கையால் நூற்று, கைத்தறியில் நெய்த துணி. அம்பரில் கை என்ன செய்கிறது? இழுப்பது உருளை, முறுக்குவது கதிர். ஒரு காலத்தில் நூலுக்கு மூளையாக இருந்த கை இங்கே வெறும் மோட்டார்.

இதைப் பெரியம்மாவிடம் விளக்கினேன். ரொம்பப் பொறுமையாகக் கேட்டார்.

"சரிதான். நாலு இழையில ஒண்ணு அறுந்தா கைய நிறுத்துவேன். நாலும் நிக்கும். அறுந்தத பிணைச்சுட்டு மறுபடி சுத்துவேன். பிள்ள அழுதா எந்திரிச்சுப் போவேன். சிட்டம் கொறயும், காசு கொறயும். அது என் கணக்கு."

அவர் இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வாரக் கடைசியில் கைக்கு வந்த காசு உப்பு புளிக்கே சரியாக இருந்தது என்பதையும் அவர்தான் சொன்னார். தோள்பட்டை வலி இன்னும் இருக்கிறது. அம்பருக்குத் திரும்பிப் போகச் சொன்னால் அடிக்க வருவார். அவருடைய மகள், என் அக்கா, பதினேழு வயதில் திண்டுக்கல் பக்கம் ஒரு மில்லுக்குப் போனதே அந்தக் காசு போதாததால்தான்.

*

நாட்டின் நூற்புக் கதிர்களில் கிட்டத்தட்ட பாதி தமிழ்நாட்டில் சுற்றுகிறது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபோது கோவையில் பெருகத் தொடங்கிய மில்கள் இன்று திண்டுக்கல், ஈரோடு, ராஜபாளையம் வரை பரவிக்கிடக்கின்றன. மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்ற சுமங்கலித் திட்டத்தில் போன பெண்களில் அக்காவும் ஒருத்தி.

அவள் வேலை 'சைடு பார்க்கிறது'. ஒரு ஃபிரேமில் ஆயிரத்துக்கு மேல் கதிர், ஒவ்வொன்றும் நிமிஷத்துக்குப் பதினைந்தாயிரம் சுற்றுக்கும் மேல். இழை அறுந்தால் ஃபிரேம் நிற்காது. சுழலும் அந்த ஒரு கதிரை மட்டும் பிடித்து, இழை நுனியை எடுத்து, கொக்கியில் மாட்டி, உருளையில் வரும் பஞ்சோடு சேர்த்துவிட வேண்டும். பக்கத்துக் கதிர்கள் ஓடிக்கொண்டே இருக்கும். தேர்ந்த கைக்குச் சில நொடி வேலை. கை பழகுவதற்குள் விரல் நுனியெல்லாம் கிழிந்துவிட்டது என்றாள். ஷிப்டுக்கு எத்தனை கிலோமீட்டர் நடக்கிறோம் என்று தோழிகளோடு பந்தயம் கட்டிக் கணக்குப் போடுவார்களாம். மூன்று வருஷம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது காய்ச்சலில் ஊருக்கு வந்தாள். இடையில் நின்றுவிட்டாய் என்று தொகையைக் கொடுக்கவில்லை.

அம்மாவும் மகளும் ஓட்டியது ஒரே இயந்திரம். அதே உருளை, அதே வளையம், அதே சின்னக் கொக்கி. ஒன்று வயிற்றுக்குப் போதவில்லை, இன்னொன்று நிற்கவில்லை. ஐம்பதுகளில் நடந்த விவாதம் முழுக்க ஒரு கதிருக்கு எவ்வளவு நூல், ஒரு ரூபாய்க்கு எத்தனை வேலை என்றே போனது. இந்த இரண்டாவது வித்தியாசத்துக்கு எந்தக் குழுவிலும் ஒரு பத்தி ஒதுக்கினார்களா என்று தேடிப் பார்த்தேன். என் கண்ணில் படவில்லை. பி அண்ட் சி வாசலில் 1918இல் நின்றவர்களுக்கு மட்டும் அது தெரிந்திருந்தது.

அந்த மில் 1996இல் நிரந்தரமாக மூடப்பட்டது. அதன் பிறகு கொஞ்ச காலம் சினிமாச் சண்டைக் காட்சிகளுக்கு இடிந்த கூடங்களை வாடகைக்கு விட்டார்கள். இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்பியிருக்கிறது. 2018இல் சோலார் சர்க்கா திட்டம் வந்தது: அம்பரின் கைப்பிடியைக் கழற்றிவிட்டு மறுபடி மோட்டார். தோள்பட்டை தப்பிக்கும், நூலும் கூடும். ஏகாம்பரநாதன் கழற்றிய என்ஜின் ஒரு முழு வட்டமடித்துத் திரும்பி வந்துவிட்டது. நல்லதுதான். அதன் சுவிட்ச் யார் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டும்.

போன தீபாவளிக்கு ஊரில் இருந்தபோது, விடுமுறை நாளில் நான் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார் பெரியம்மா. எங்கேயோ ஏதோ சர்வர் மக்கர் பண்ணிவிட்டது, ஆபீசிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள் என்றேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அதிரசத்தை எண்ணி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். பெரியம்மா திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அக்காவைப் பார்த்துச் சொன்னார்:

"இவனும் சைடு பாக்குறான்டி."